ஊட்டி மூடுபனிக்கு ஏற்ற படச்சுருள்: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்

ஊட்டித் தெருக்களைக் கருப்பு-வெள்ளையில் படமெடுக்க விரும்புவோருக்கு, 35 மி.மீ. கேமராவுக்கான இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் சுருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் சேரிங் கிராஸிலும் கமர்சியல் சாலையிலும் மார்க்கெட்டிலும் இதில்தான் எடுத்தேன்.

இதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 400. ஒரு சுருளில் 36 படங்கள். மூடுபனி இறங்கிய காலையில், கம்பளிக் குல்லாய் அணிந்து ஆடம்ஸ் நீரூற்றைக் கடந்து செல்பவரின் உருவம் வெளிர்சாம்பலில் பாதி கரைந்து நிற்கும் அழகை இச்சுருள் கெடாமல் காக்கிறது. ஆனால் ஒளியளவி பனியின் வெண்மையைச் சாம்பலாகக் கணித்து ஒளியைக் குறைத்துவிடுவதால், அது காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முதல் சுருளில் இதைச் செய்யத் தவறியதால் என் பனி முழுவதும் புகைபோல் அழுக்காகப் பதிந்தது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் புத்துக்குளி என்னும் போர்வையில் உள்ள சிவப்புக் கோடுகள் கருப்புக் கோடுகளோடு நெருங்கிவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். (அவர்களை அனுமதி கேட்டே படமெடுங்கள்.)

மாலையில் மார்க்கெட்டின் விளக்கொளிக்கு முழுச் சுருளின் வேகத்தையும் ஐஎஸ்ஓ 1600 எனக் கருதி எடுத்தேன். படத்தில் தெரியும் துகள் தடித்து, நிழலில் நிற்கும் முகங்களின் நுணுக்கம் குறைந்தாலும், கேரட் மூட்டையை முதுகில் ஏற்றும் தொழிலாளியின் கைநரம்புகள் தெளிவாகப் பதிந்திருந்தன. எனக்கு அந்தத் துகள் பிடித்தே இருக்கிறது.

விலை அதிகம். இதே ஊரின் இந்துநகரில் 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் சுருள் தயாரித்ததை எண்ணும்போது, இன்று ஒவ்வொரு சுருளும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருப்பது உண்மையிலேயே மனத்தை வருத்துகிறது.

வீட்டிலேயே கழுவுவோர், மேலும் நீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரில் (உருவத்தை வெளிக்கொணரும் கரைசல்) 400இல் எடுத்த சுருளை ஏழரை நிமிடமும் 1600இல் எடுத்ததை 14 நிமிடமும் வைக்க வேண்டும். இக்கணக்கு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. சமவெளியில் ஐஸ் போட்டுக் குளிர்விக்கிறார்கள். இங்கோ குழாய்த் தண்ணீர் விரல் மரக்கும் குளிர்ச்சியுடையதாதலால், வெந்நீர் நிரம்பிய வாளியில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, வெப்பமானி 20ஐக் காட்டிய பின்னரே சுருள் இருக்கும் டேங்கில் ஊற்றுங்கள்.