வளையும் கோலும் முறியும் கோலும்

பனிச்சறுக்குக் கோல் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் பேசுவது எடையைப் பற்றித்தான். ஒரு கையில் அலுமினியக் கோலையும் மறு கையில் கார்பன் இழையால் ஆன கோலையும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். தூக்கிப் பார்த்தவருக்கு அதன்பின் அலுமினியத்தின் மீது மனம் போகாது. நானும் அப்படித்தான் முதலில் கார்பன் கோல்களை வாங்கினேன். இரண்டு பனிக்காலம் கழித்து அலுமினியத்துக்கு மாறினேன், இன்றுவரை அதை விடவில்லை. இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த சரிவுகளில்தான் என் சறுக்கலின் பெரும்பகுதி கழிகிறது என்பதையும், ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சறுக்குக் காலணியை அணிந்துகொண்டு, கோலைத் தலைகீழாக நிறுத்தி, கோல் பனியில் புதையாமல் இருக்க நுனியருகே பொருத்தியிருக்கும் வட்டுக்குச் சற்றுக் கீழே பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் நிற்க வேண்டும். கணக்காகச் சொன்னால் உயரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு, 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 120 செ.மீ. கோல் பொருந்தும். சமவெளியில் நெடுந்தூரம் செல்லும் கிராஸ்-கன்ட்ரி சறுக்கலுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே கோல்தான் ஆளை முன்னே தள்ளுகிறது என்பதால் அது மிக நீளமாக இருக்கும். பலகைகளை இணையான தடங்களில் முன்னும் பின்னுமாக நகர்த்தும் கிளாசிக் பாணிப் போட்டிகளில், காலணியோடு அளந்த உயரத்தில் 83 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதியே வைத்திருக்கிறது.

இனி, தண்டு எதனால் ஆனது என்ற கேள்விக்கு வரலாம். மூங்கிலும் எஃகும் கோலோச்சிய காலத்தில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சன் வேலியைச் சேர்ந்த எட் ஸ்காட் 1958-இல் அலுமினியக் கோலை உருவாக்கினார். வாடகைக்குக் கருவி தரும் கடைகளில் இன்றும் பெரும்பாலும் அலுமினியக் கோல்களே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முரட்டுத்தனமாகக் கையாளப்படும் பொருளுக்கு எது ஏற்றது என்பது அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும். கார்பன் கோலின் தண்டு பொதுவாக அலுமினியத்தைவிட மெல்லியது, எடையும் குறைவு. கடினமான பனிக்கட்டியில் ஊன்றும்போது ஏற்படும் அதிர்வு கைக்கு வந்து சேராமல் பெருமளவு தண்டிலேயே அடங்கிவிடுகிறது. இவை விளம்பரப் பேச்சு அல்ல, உண்மையான நன்மைகளே. குறிப்பாக எடை நுனியில் குறைவாக இருப்பதால், கோலை முன்னே வீசி ஊன்றுவது மணிக்கட்டின் சிறு அசைவிலேயே முடிந்துவிடும். மேடும் பள்ளமுமான சரிவில் நொடிக்கு ஒரு முறை ஊன்றி இறங்குபவருக்கு இந்த வேறுபாடு மாலைக்குள் தோளில் தெரிந்துவிடும்.

ஆனால் கோலைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது அது எவ்வளவு எடை என்பதை அல்ல, அது எப்படிக் கெடும் என்பதையே. அலுமினியம் தாங்கும் அளவை மீறினால் வளைகிறது. கார்பன் வளைந்த நிலையிலேயே நின்றுவிடுவதில்லை, ஒன்று பழைய நிலைக்குத் திரும்பும், இல்லையேல் முறியும். அதன் இழைகள் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் செல்வதால் ஊன்றும் விசையை நன்றாகத் தாங்குகின்றன. பக்கவாட்டில் விழும் கூர்மையான அடியைத் தாங்குவதில்லை. அந்த அடியைக் கொடுக்க நம் காலிலேயே கருவி இருக்கிறது. சறுக்குப்பலகையின் எஃகு விளிம்புதான் கார்பன் கோலுக்கு முதல் எதிரி.

என் கோலுக்கு நேர்ந்ததும் அதுவே. மலைமேல் ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலிக்கான (சேர்லிஃப்ட்) வரிசையில் பின்னால் நின்றவருடைய பலகையின் விளிம்பு என் இடக் கோலின் அடிப்பகுதியில் உரசியது. அன்று மாலை துடைக்கும்போது பார்த்தேன்: வட்டுக்கு ஒரு சாண் மேலே, அரிசி நீளத்துக்கு ஒரு வெளிறிய கீறல், நகத்தை வைத்து இழுத்தால் மெல்லத் தட்டுப்பட்டது. மேற்பூச்சுதான் போயிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள், விழவும் இல்லை, மோதவும் இல்லை, வழக்கமான ஒரு திருப்பத்தில் ஊன்றியபோது அதே இடத்தில் கோல் சடக்கென்று முறிந்தது. வட்டோடு கூடிய கீழ்த்துண்டு சரிவில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் எஞ்சிய துண்டின் முனையில் இழைகள் முள்முள்ளாகத் துருத்திக்கொண்டு நின்றன. மீதி இறக்கத்தை ஒற்றைக் கோலோடு முடித்தேன். பெரும்பாலும் ஜோடியாகவே விற்கப்படும் பொருளில் ஒன்று போனால் மற்றதும் போன கணக்குதான். பழுதில்லாத வலக் கோல் இன்னும் வீட்டு மூலையில் சாய்ந்து நிற்கிறது.

இப்போது என்னிடமுள்ள அலுமினியக் கோல்களில் ஒன்று, நான் விழுந்தபோது உடலுக்கடியில் சிக்கி வில்லாக வளைந்தது. முழங்காலில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி நிமிர்த்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் லேசான நெளிவு தெரியும். ஊன்றும்போது அது எவ்விதத்திலும் தெரிவதில்லை. இதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு வளைவிலும் உலோகம் இறுகுவதால், அதே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமிர்த்தினால் விரிசல் விடும். குழாய் நசுங்கி மடிப்பு விழுந்திருந்தால் நிமிர்த்த முயல்வதே வீண். அலுமினியக் கலவையின் வகையையும் கவனிக்க வேண்டும். விலையுயர்ந்த கோல்களில் காணப்படும் 7075 வகைக் கலவை, சாதாரணக் கோல்களில் உள்ள 5083 அல்லது 6061 வகையைவிட வலிமையானது, எளிதில் வளையாது. ஆனால் வளைந்துவிட்டால் எளிதில் நிமிரவும் மறுக்கும். எனக்கு நடுத்தர வகையே போதும் என்று தோன்றியது.

ஏறி இறங்கும் மலைப்பயணச் சறுக்கலில் என் அனுபவம் சில நாட்களே என்பதால் அங்கே இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான முறை கோலைத் தூக்க வேண்டியிருக்கும்போது எடைக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. மேல்பகுதி அலுமினியமும் கீழ்ப்பகுதி கார்பனுமாக வரும் கலப்புக் கோல்களும் உண்டு. ஏறும்போது நீட்டவும் இறங்கும்போது குறைக்கவும் வசதியான, நீளத்தை மாற்றக்கூடிய கோல் அங்கே தேவை. அதில் முறுக்கிப் பூட்டும் வகையைவிட நெம்பிப் பூட்டும் வகையே மேல் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் உள்ளே ஈரம் புகுந்து உறைந்த முறுக்குப் பூட்டைத் தடித்த கையுறையோடு திருகிப் பார்த்திருக்கிறேன். சமன் செய்த சரிவில் மட்டும் இறங்குபவருக்கு இந்தப் பூட்டு, கெடக்கூடிய இன்னோர் உறுப்பே தவிர வேறில்லை.

பந்தயக் கோல்களைப் பொறுத்தவரை, டவுன்ஹில் என்ற அதிவேக இறக்கப் பந்தய வீரர்களின் கோல் உடலை ஒட்டி வளைந்திருப்பது காற்றுத் தடையைக் குறைக்கவே. பொழுதுபோக்குக்குச் சறுக்குபவருக்கு அதனால் பயனில்லை. வட்டு விஷயத்தில் கெட்டிப் பனிக்குச் சிறியதும், ஆழமான புதுப்பனிக்கு 9 அல்லது 10 செ.மீ. விட்டமுள்ளதும் வேண்டும், பெரும்பாலான கோல்களில் இதைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், இறுகிப்போன வட்டைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். கைப்பிடியில் உள்ள வாரை, மரங்களுக்கிடையிலும் பனி சரிந்து விழும் அபாயமுள்ள இடத்திலும் மணிக்கட்டில் மாட்டாமல் விடுவதே நல்லது. கார்பனைத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் ஒவ்வொரு மாலையும் தண்டின் கீழ்ப்பகுதியை ஒரு சுற்று நகத்தால் வருடிப் பார்க்கட்டும். தட்டுப்பட்டால் அந்தக் கோலை மறுநாள் மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.