"ஒரிஜினல் 1920 தொப்பி பேட்டர்ன்"னு விக்கிறாங்க, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதப் படிங்க

வீட்டுல பழைய ஸ்டைல் தொப்பி தைக்கிறவங்க, தைக்கக் கத்துக்கணும்னு நினைக்கிறவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க, பதிவு பெருசுதான். பழைய தையல் பேட்டர்ன் (துணி மேல வச்சு வெட்டறதுக்கான காகிதத் துண்டுங்க), அதுக்கு வேண்டிய மெட்டீரியல் எல்லாம் சேர்த்து கிட்டா விக்கிற ஒரு ஆன்லைன் பேஜ்ல நான் 6,800 ரூபாய் குடுத்து ஏமாந்திருக்கேன். புகார் நடந்துட்டு இருக்கறதால பேஜ் பேரை இங்க போடல. ஆனா அவங்க பண்ற வேலை எப்படின்னு சொல்றேன், ஏன்னா பேரை மாத்திட்டு நாளைக்கே வேற பேஜ் ஆரம்பிப்பாங்க, வேலை அதேதான் இருக்கும்.

நான் இருக்கறது பெங்களூர் அல்சூர்ல. பிளவுஸ், சுடிதார் தைக்கறதோட தொப்பியும் தைக்கிறேன், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. சர்ச் கல்யாணம், நாடகம், ஃபோட்டோ ஷூட்னு ஆர்டர் வரும். இந்த தடவை வந்தது ஒரு நாடகக் குழுவுக்கு, 1920கள்ல கன்டோன்மென்ட்ல நடக்கிற கதை, பெண் வேஷம் எல்லாத்துக்கும் க்ளோஷ் தொப்பி வேணும்னாங்க. தெரியாதவங்களுக்கு: மணியைக் கவுத்து வச்ச மாதிரி புருவம் வரைக்கும் இறங்கி தலையோட ஒட்டி நிக்குமே அதான் க்ளோஷ். அது தலையோட ஒட்டி நிக்கணும்ங்கறதாலயே அளவு கொஞ்சம் தப்பினாலும் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் அந்தக் காலத்து பேட்டர்ன் ஒண்ணு வாங்கலாம்னு தேடினேன்.

அந்த பேஜ்ல போட்டிருந்த ஃபோட்டோ அவ்வளவு நல்லா இருந்துச்சு. மஞ்சளடிச்ச கவர், உள்ள பழுப்பு டிஷ்யூ பேப்பர், அதுல வரிசையா ஓட்டை. ஓட்டையைப் பாத்ததும்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. ஏன்னா அந்தக் காலத்து பேட்டர்ன்ல நிறைய கோடு போட்டதே இல்ல. அமெரிக்காவுல பட்டரிக்னு ஒரு தையல்காரர் 1863ல சைஸ் வாரியா காகித பேட்டர்ன் விக்க ஆரம்பிச்சதுல இருந்து ரொம்ப வருஷம் அச்சில்லாத வெறும் டிஷ்யூதான், எங்க மடிக்கணும், எங்க நேர் நூல் (துணியோட நெடுக்கு நூல் போற திசை), எங்க டார்ட் (வடிவம் வர்றதுக்கு பிடிச்சுத் தைக்கிற மடிப்பு) எல்லாமே சின்ன ஓட்டை பெரிய ஓட்டைன்னு ஒரு கணக்குலதான் இருக்கும். 1920கள்ல மெக்கால் கம்பெனி கோடு போட்டு அச்சடிச்சாங்க, ஆனா மத்த பெரிய கம்பெனிங்க அதுக்கப்புறமும் ரொம்ப காலம் ஓட்டையிலதான் ஓட்டினாங்க. இதெல்லாம் கேட்டுட்டுதான் வாங்கினேன். "இது அச்சில்லாததா, ஓட்டை போட்டதா, தலை அளவு என்ன, எல்லாத் துண்டும் இருக்கா"ன்னு எழுத்துலயே கேட்டேன். "ஆமா மேடம், ஹண்ட்ரட் பர்சன்ட் ஒரிஜினல், ஓட்டை போட்டதுதான், இருபத்திரண்டரை இன்ச், எல்லாப் பீசும் இருக்கு, நாங்களே எண்ணிப் பாத்துட்டோம்"னு பதில். அந்த சாட் இன்னும் என்கிட்ட இருக்கு.

வந்தது என்னன்னா, டீத் தண்ணியில நனைச்சுக் காய வச்ச காகிதம். மோந்து பாத்தாலே டீ வாசனை. ஓட்டை ஒண்ணு கூட இல்ல, எல்லாம் பிரின்டர்ல அடிச்ச கோடு. கவர் முன்பக்கப் படத்துல பெண்ணோட முகம் கிட்டப் பாத்தா சதுரம் சதுரமா உடைஞ்சு தெரியுது. கவர் பின்பக்கம் நியூயார்க் விலாசம், அது பக்கத்துல அஞ்சு இலக்க ஸிப் கோட் (நம்ம பின் கோட் மாதிரி). அந்த அஞ்சு இலக்க ஸிப் கோட் அமெரிக்காவுல வந்ததே 1963ல, 1920 கவர்ல அது எப்படி வரும்? சிபாரிசு பண்ற துணி லிஸ்ட்ல பாலியஸ்டர்னு வேற இருக்கு, 1920கள்ல பாலியஸ்டரே கிடையாது. தலை அளவு கேட்டதுக்கு எனக்கு இருபத்திரண்டரைன்னு சொன்னவங்க கவர்ல "ஃப்ரீ சைஸ்"னு ஒட்டியிருக்காங்க, அந்தக் காலத்து தொப்பி பேட்டர்ன் பொதுவா ஒரு கவருக்கு ஒரு தலை அளவுன்னுதான் வித்தாங்க.

எனக்கு அப்பவும் ஒரு சந்தேகம் விடல, எங்க தெருமுனை மெடிக்கல் ஷாப்ல நோட்டு செக் பண்ற ஊதா லைட் இருக்கு, அந்த அண்ணன்கிட்ட கேட்டு உள்ள இருந்த செய்முறை தாளை அதுல காட்டினேன், டீ படாத ஓரமெல்லாம் பளிச்சுனு நீலமா மின்னுச்சு. காகிதத்தை வெள்ளையாக் காட்ட சேர்க்கிற கெமிக்கல் அப்படி மின்னும், அது காகிதத்துல புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்குலதான். நூறு வருஷத்துக் காகிதம் அப்படி மின்னாது.

பழசு இல்லன்னா கூட பரவால்லன்னு சிலர் சொல்லலாம், அளவு சரியா இருந்தா தைச்சுக்கலாமேன்னு. அங்கதான் எனக்கு உண்மையான கோவம். ஒரு துண்டோட மூலையில நாலு இன்ச் டெஸ்ட் கட்டம் ஒண்ணு இருந்துச்சு, வீட்டுல பிரின்ட் எடுக்கிற பேட்டர்ன்ல அளவு சரியா வந்திருக்கான்னு பாக்கறதுக்காக போடறது. யாரோ கஷ்டப்பட்டு வரைஞ்சு கம்ப்யூட்டர் ஃபைலா வித்ததை இவங்க எடுத்து அடிச்சு, மேல டீ ஊத்தி, பழசுன்னு வித்திருக்காங்க. அந்த நாலு இன்ச் கட்டத்தை ஸ்கேல் வச்சு அளந்தா நாலு வரல, மூணே முக்காலோட அரைக்கால் (எட்டுல ஒரு பங்கு) சேர்த்ததை கொஞ்சம் தாண்டி நிக்குது. காரணம் லேசுல புரியும். அந்த ஃபைல் அமெரிக்கா லெட்டர் பேப்பருக்குப் போட்டதா இருக்கணும், அது எட்டரை இன்ச் அகலம், நம்ம ஏ4 எட்டேகால் இன்ச்தான், "பேஜ்ல அடங்கற மாதிரி"ன்னு குடுத்து பிரின்ட் போட்டா எல்லாமே 97 சதவீதமா சுருங்கிடும்.

97 சதவீதம்னா ஒரு சட்டைக்கு எப்படியோ சமாளிக்கலாம். தொப்பிக்கு முடியாது. ஆறு துண்டு சேர்த்து தைக்கிற உச்சி இது, இருபத்திரண்டரை தலைக்கு ஒவ்வொரு துண்டும் அடியில, தையலுக்கு விட்ட துணியைக் கழிச்சு, மூணே முக்கால் இன்ச் இருக்கணும். இவங்களுது ஒவ்வொண்ணும் அரைக்கால் இன்ச்சுக்கு கொஞ்சம் குறைவா அடிபட்டிருக்கு. ஆறுக்கும் சேர்த்தா அரை இன்ச்சுக்கு மேல போச்சு, அதுக்குள்ள லைனிங், ரிப்பன் எல்லாம் வேற வரணும். கொண்டை போட்ட ஒரு பொண்ணு ரெண்டு மணி நேர நாடகம் முழுக்க அதைப் போட்டுட்டு நின்னா தலை வலிச்சிடும். துணியை வெட்டறதுக்கு முன்னாடி அளந்ததால ஆர்டர் துணி தப்பிச்சுது, இல்லன்னா சிக்பேட்டுல தேடி வாங்கின வெல்வெட் மொத்தமும் வீணாயிருக்கும்.

இன்னொண்ணு, நேர் நூல் குறி எந்தத் துண்டுலயும் இல்ல. ஓரத்துல வர்ற பட்டை கிராஸ்ல (நூலுக்குச் சாய்வா) வெட்டணும், அப்பதான் வளைவுக்கு வளைஞ்சு குடுக்கும். முன் துண்டு எந்தப் பக்கம் நேர்னு தெரியாம வெட்டினா தொப்பி ஒரு பக்கமா முறுக்கிட்டு நிக்கும், எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் திரும்ப அப்படியே முறுக்கும். புதுசா கத்துக்கிற பொண்ணு ஒருத்தி இதை வாங்கி தைச்சா, "எனக்கு வரல"ன்னு நினைச்சு மெஷினை மூடி வச்சிடும். பேட்டர்ன் பொய்னு அவளுக்கு யாரு சொல்லுவா?

கிட்ல வந்த மெட்டீரியல் கதை தனி. "தூய கம்பளி ஃபெல்ட்"னு ஒரு தொப்பி உடல் (இன்னும் வடிவம் குடுக்காத தொப்பி) அனுப்பினாங்க. கம்பளி ஃபெல்ட்னா ஆவி காட்டினா இளகும், தலை வடிவ அச்சு மேல இழுத்து பின் குத்தி காய விட்டா அந்த வடிவத்துலயே நிக்கும், அதுக்குத்தான் அந்தக் காசு. இது ஆவிக்கு அசையவே இல்ல. உள் ஓரத்துல இருந்து ஒரு நூல் அளவு கிள்ளி நெருப்புல காட்டினேன், முடி கருகற வாசனை வந்து பொடியற மாதிரி சாம்பலாகணும், இது பிளாஸ்டிக் மாதிரி உருகி கல்லு மாதிரி உருண்டையாச்சு. கம்பளியே இல்ல அது. உள்ள வச்சு தைக்க பீட்டர்ஷாம் ரிப்பன்னு அனுப்பினது சாதாரண கிராஸ்கிரெய்ன். பீட்டர்ஷாமோட ஓரம் சின்னச் சின்ன வளைவா இருக்கும், ஆவி அயர்ன்ல வளைச்சா தலை வட்டத்துக்கு ஏத்த மாதிரி வளையும். ஓரம் நேரா இருக்கற ரிப்பன் வளையாது, சுருங்கி நெற்றியில குத்தும். ஃபோட்டோல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், ஓரத்தை பெருசு பண்ணி காட்டச் சொல்லுங்க.

பக்ரம்னு (விறைப்புக்கு உள்ள வைக்கிற துணி) வச்சிருந்தது பேன்ட் இடுப்புக்கு வைக்கிற ஒட்டுற டைப். தொப்பிக்கு வேண்டியது பசை ஏத்தின முரட்டுப் பருத்தி வலை, தண்ணி பட்டா இளகி காஞ்சா விறைக்கும். இந்த ஒரு விஷயத்துல கடைக்காரங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவென்யூ ரோடு பக்கம் பக்ரம் கேட்டா அவங்க எடுத்துப் போடறதும் அந்த காலர், இடுப்பு டைப்தான், ஏன்னா அதுதான் அங்க ஓடற சரக்கு. ஆனா தொப்பி கிட்னு விக்கிறவங்க அதையே அனுப்பினா எப்படி?

பார்சல் பிரிக்கறப்ப முழுசா வீடியோ எடுத்தேன், அவங்க கண்டிஷனே அதான், வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் இல்ல. அனுப்பினேன். மொதல்ல "பழசுன்னா அப்படித்தான் மேடம் இருக்கும்"னாங்க. ஸிப் கோட், டெஸ்ட் கட்டம் எல்லாம் ஃபோட்டோ போட்டுக் கேட்டதும் பேச்சு மாறிடுச்சு, "நீங்க காப்பி எடுத்துட்டு ரிட்டர்ன் கேக்கறீங்க, பேட்டர்ன் எல்லாம் ரிட்டர்ன் கிடையாது"ன்னு என்னையே திருடி ஆக்கிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல. கமென்ட்ல கேட்டா அழிச்சிட்டு பிளாக் பண்ணிட்டாங்க. அப்புறம் தேடினப்ப அவங்க போட்டிருந்த அந்த டிஷ்யூ ஃபோட்டோவே வேற நாட்டுல ஒருத்தர் தன்னோட சேகரிப்புன்னு எப்பவோ போட்ட ஃபோட்டோன்னு தெரிஞ்சுது, ஓரத்துல இருந்த பேரை மட்டும் வெட்டியிருக்காங்க.

எங்க வீட்டுக்காரர்தான் விடாதேன்னு சொன்னார். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சேன், நம்பர் குடுத்தாங்க. 2020 ஈ-காமர்ஸ் விதிகள்ல, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு இருக்கு, அவங்க பேஜ்ல "நோ ரிட்டர்ன்"னு எழுதி வச்சுட்டா அது சட்டம் ஆயிடாது. புகார் போனதும் வேற நம்பர்ல இருந்து மெசேஜ் வந்துச்சு, பாதிப் பணம் தர்றோம், போட்ட ரிவ்யூவை எடுத்துடுங்கன்னு. முடியாதுன்னுட்டேன். முழுப் பணம் வரலன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன். 2019 சட்டப்படி விக்கிறவங்க எந்த ஊர்ல இருந்தாலும் நாம இருக்கிற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

நாடக ஆர்டர் நின்னு போகல. தலைக்குத் தலை இன்ச் டேப் வச்சு அளந்து, ஆறால வகுத்து நானே காகிதத்துல துண்டு வரைஞ்சு, மொதல்ல பழைய காடா துணியில தைச்சு போட்டுப் பாத்து, அப்புறம்தான் வெல்வெட்ல கத்திரி வச்சேன். நல்லா உக்காந்துச்சு எல்லாருக்கும். பழைய பேட்டர்ன் வேணவே வேணாம்னு நான் சொல்ல வரல, நேர்மையா "இது புதுசா வரைஞ்ச ஃபைல், டெஸ்ட் கட்டம் இருக்கு, 100 சதவீதத்துல பிரின்ட் எடுங்க"ன்னு விக்கிறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, அவங்ககிட்ட வாங்குங்க. ஒரிஜினல்தான் வேணும்னா பேட்டர்ன் நம்பரை மொதல்ல வாங்கி பாருங்க, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துல கமர்ஷியல் பேட்டர்ன் ஆர்கைவ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பழைய பேட்டர்ன் படங்களை வருஷத்தோட தொகுத்திருக்காங்க, ஒப்பிட்டுப் பாக்க உதவும். விக்கிறவங்ககிட்ட டிஷ்யூவை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு இன்னிக்கு தேதி எழுதின துண்டுச் சீட்டோட வீடியோ கேளுங்க, ஒரு துண்டோட அடி அளவை ஸ்கேல் வச்சு காட்டச் சொல்லுங்க. நிஜமா கையில வச்சிருக்கறவங்க அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க.

யாருக்காவது டீ வாசனை அடிக்கிற கவர்ல இந்த மாதிரி பேட்டர்ன் வந்திருந்தா, கவரையும் கூரியர் ஸ்லிப்பையும் தூக்கிப் போடாதீங்க, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் பத்திரமா வச்சுக்கங்க, 1915ல உங்க பேர்லயும் ஒரு புகார் பதிஞ்சிடுங்க. ஒரே மாதிரி ஏமாந்தவங்க பல பேர் ஆணையத்தோட அனுமதி வாங்கி சேர்ந்தே வழக்கு போட முடியும், எனக்கு மெசேஜ் பண்ணுங்க, என் பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கு.