ஸ்பானிஷ் பேசும் நாட்டில் இங்கிலீஷ் வேலை: மதுரைக்காரருக்கு எந்த வழி?

ஸ்பெயினிலோ மெக்சிகோவிலோ இங்கிலீஷை மட்டும் வைத்து வேலை பார்க்க முடியுமா? முடியும். ஆனால் அது அங்கே போய் இறங்கித் தேடினால் கிடைக்கிற வேலை இல்லை, இங்கிருந்தே கையோடு கொண்டுபோக வேண்டிய வேலை. நான் இளந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் வேலை பார்ப்பதால் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள், அதில் சிலர் ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்கிறார்கள், அதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. அதனால் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் எல்லா வழிக்கும் பொதுவான ஒரு விஷயம். லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகள் வெளிநாட்டு ஆட்களுக்குச் சட்டத்திலேயே ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. மெக்சிகோவில் ஒரு நிறுவனத்தின் ஆட்களில் குறைந்தது 90 சதவீதம் மெக்சிகர்களாக இருக்க வேண்டும். சிலியில் 25 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடமென்றால் 85 சதவீதம் சிலிக்காரர்கள். உருகுவேயின் வரியில்லா வணிக மண்டலங்களில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்கள். ஸ்பெயினில் இப்படிச் சதவீதக் கணக்கு கிடையாது, ஆனால் சாதாரண ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் முதலாளி, இந்த வேலைக்கு இங்கே ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆக, எந்த முதலாளியும் உங்களுக்காக ஒரு இடத்தைச் செலவழிக்கிறார் என்றால் அதற்கு ஒரு வலுவான காரணம் வேண்டும். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார் என்பது மட்டும் அந்தக் காரணம் ஆகாது, ஏனென்றால் மெக்சிகோவின் குவாதலஹாராவிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் இங்கிலீஷ் பேசும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஏராளம்.

சரி, மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். இதில்தான் நம் ஊர் ஆட்களுக்கு நிஜமான கதவு ஒன்று திறந்திருக்கிறது. எச்சிஎல்லுக்கு மதுரையிலும் அலுவலகம் இருக்கிறது, குவாதலஹாராவிலும் இருக்கிறது. டிசிஎஸ் குவாதலஹாராவில், இன்ஃபோசிஸ் மான்டெர்ரேயில். இந்த அலுவலகங்கள் அங்கே இருப்பதற்குக் காரணமே அமெரிக்க வாடிக்கையாளர்கள்தான்: அவர்கள் பகலில் வேலை பார்க்கும் நேரத்தில் இவர்களும் பகலில் வேலை பார்க்கலாம், மெக்சிகோ சிட்டிக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், நாம் இங்கே நைட் ஷிப்டில் செய்வதை அவர்கள் காலைக் காப்பியோடு செய்கிறார்கள். கால், மெயில், டாக்குமென்ட் எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் மேலே சொன்ன 90 சதவீதக் கணக்கு இருப்பதால், இந்தியாவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த ப்ராஜெக்ட்டை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவராக இருந்தால்தான் கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து ரெஸ்யூமே அனுப்பி அங்கே நுழைவதைவிட, இங்கே வேலைக்குச் சேர்ந்து, மெக்சிகோவில் டீம் இருக்கும் அக்கவுன்ட்டாக, அதாவது வாடிக்கையாளர் ப்ராஜெக்ட்டாகப் பார்த்து மாறி, அப்புறம் ஆன்சைட், அதாவது அங்கேயே போய் வேலை பார்க்கும் வாய்ப்பு கேட்பதுதான் நடக்கிற காரியம்.

அதற்கான பேப்பர் வேலையும் முதலாளி கையில்தான். நிறுவனம் முதலில் மெக்சிகோவின் குடிவரவு நிறுவனத்தில் அனுமதி வாங்கும், அதன்பின் நீங்கள் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போவீர்கள், அங்கே போய் இறங்கிய 30 நாளுக்குள் விசாவைக் குடியிருப்பு அட்டையாக மாற்றுவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குள் விசா இல்லாமல் போகலாம் என்று சொல்வார்கள், அது உண்மை, ஆனால் சுற்றிப் பார்க்கத்தான், அதில் சம்பளம் வாங்க முடியாது. இந்த அரை உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களிடம் ஜாக்கிரதை. சம்பளம் பெசோவில் வரும். டிசம்பரில் நம் தீபாவளி போனஸ் மாதிரி ஒன்று சட்டப்படி உண்டு, குறைந்தது 15 நாள் சம்பளம். லீவு முதல் வருடம் 12 நாள்தான், ஸ்பெயினில் அதுவே வார விடுமுறை உட்பட 30 நாள்.

ஸ்பெயினின் டிஜிட்டல் நோமாட் விசா இதற்கு நேர் எதிர். இதில் ஸ்பானிஷ் முதலாளியே வேண்டாம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டார்ட்அப் சட்டத்தின்கீழ், வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் ஸ்பெயினில் வாழலாம். அந்த நிறுவனம் குறைந்தது ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்க வேண்டும், உங்களுக்கும் அதற்குமான வேலை உறவு மூன்று மாதமாவது இருக்க வேண்டும், டிகிரியோ மூன்று வருட அனுபவமோ வேண்டும். வருமானம் ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு, 2025 கணக்கில் மாதம் சுமார் 2,763 யூரோ, அதாவது ரெண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். மனைவியோ கணவரோ கூட வந்தால் இன்னும் ஆயிரம் யூரோவுக்கு மேல் காட்ட வேண்டும். மதுரைச் சம்பளத்தில் இது பெரும்பாலானவர்களுக்கு எட்டாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்குக் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கான்ட்ராக்டர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய நிறுவனத்தின் பேரோலில் இருப்பவர்கள் சமூகப் பாதுகாப்புச் சான்றில் (ஓய்வூதியம், மருத்துவம் போன்ற திட்டத்தில் பணம் கட்டப்படுகிறது என்பதற்கான சான்று) சிக்கிக்கொள்கிறார்கள், பிஎஃப் கணக்கைக் காட்டினால் ஸ்பெயின் ஒத்துக்கொள்ளாது. கான்ட்ராக்டராக இருந்தால் அங்கேயே சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்து, மாதாமாதம் அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாம், புதிதாகப் பதிவு செய்பவருக்கு முதல் 12 மாதம் 80 யூரோ அளவில்தான். நேரக் கணக்கையும் பாருங்கள். இந்திய டீமோடு வேலை என்றால் நம் காலை ஒன்பது மணி அங்கே கோடையில் ஐந்தரை, குளிரில் நாலரை. ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு வருகிறேன். இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அமெரிக்கன் காலேஜிலும் லேடி டோக்கிலும் பாத்திமாவிலும் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், நன்றாகவே பாடம் எடுக்கத் தெரிந்தவர்கள். தகுதியில் குறையே இல்லை, தடை பாஸ்போர்ட்தான். ஸ்பெயினின் மொழி அகாடமிகள் சாயங்காலம் சில மணி நேரம் கிளாஸ் நடத்துபவை, செப்டம்பர் அக்டோபரில் ஆள் எடுத்து ஜூனில் முடித்துவிடுவார்கள், கோடையில் பல பேருக்குச் சம்பளமே கிடையாது. அப்படிப்பட்ட வேலைக்காக ஒர்க் பெர்மிட் எடுத்துக் கூட்டிப்போக எந்த அகாடமி முன்வரும்? 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ்காரர்களுக்கே அங்கே பெர்மிட் வேண்டும், அதனால் அயர்லாந்து பாஸ்போர்ட்காரருக்கு மவுசு கூடியிருக்கிறது. விளம்பரத்தில் தாய்மொழியாக இங்கிலீஷ் பேசுபவர் வேண்டும் என்று போடுவார்கள், அது நம் பிள்ளைகளுக்கு அநியாயம்தான், ஆனால் அந்த அநியாயத்தை ஏஜென்ட் ஒருவர் தீர்த்துவைப்பார் என்று நம்பி லட்சங்களைக் கொடுக்காதீர்கள். அரசிடம் பதிவு செய்த ஆட்சேர்ப்பு ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அவர் பதிவு செய்தவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

டீச்சிங்கில் ஆசை இருந்தால் மதுரையில் இருந்தபடியே ஆன்லைனில் தொடங்குங்கள் என்பேன். மெக்சிகோவில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது நமக்கு விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டரை, கிளாஸை முடித்துவிட்டுக் காலேஜுக்கோ வேலைக்கோ போகலாம். ஸ்பெயின் என்றால் நள்ளிரவைத் தாண்டும், அது உடம்புக்கு ஆகாது. கேம்பிரிட்ஜின் செல்டா மாதிரி, இங்கிலீஷ் கற்பிப்பதற்கான 120 மணி நேர சான்றிதழ் கையில் இருந்தால் நல்ல இடங்களில் கதவு திறக்கும். தனித்தனி மாணவர்களைவிட ஒரு நிறுவனத்தோடு கான்ட்ராக்ட் போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு நோமாட் விசாவுக்குக் காட்ட அதுதான் உதவும். டீச்சிங்கில் மட்டும் 2,763 யூரோவைத் தொடுவது கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டூடன்ட் விசாவில் போய் வேலை பார்ப்பது இன்னொரு வழி. வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு, செலவுக்கு மாதம் 600 யூரோ கணக்கில் பணம் காட்ட வேண்டும். இங்கிலீஷில் நடக்கும் மாஸ்டர்ஸ் கிடைக்கும், ஆனால் பகுதிநேர வேலை ஹோட்டலிலும் கடையிலும்தான், அங்கே ஸ்பானிஷ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. வீட்டில் கடன் வாங்கிப் போகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் கணக்கில் வரிசை இப்படி: கான்ட்ராக்ட் வருமானம் இருப்பவருக்கு ஸ்பெயின், கம்பெனியில் நாலைந்து வருடம் போட்டவருக்கு மெக்சிகோ, டீச்சருக்கு முதலில் ஆன்லைன், அப்புறம் மற்றது. எதுவானாலும் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள இன்றைக்கே உட்காருங்கள். ஆபீஸ் இங்கிலீஷில் நடக்கும், ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், நகராட்சிப் பதிவு, பேங்க், டாக்டர் எதுவும் இங்கிலீஷில் நடக்காது. டெல்லியில் இருக்கும் செர்வாந்தஸ் என்ற ஸ்பானிஷ் மொழி நிறுவனத்தின் பாடங்களை ஆன்லைனிலேயே படிக்கலாம்.

டிகிரி சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் முத்திரை) வாங்குவதற்கு நாள் பிடிக்கும், காமராசர் பல்கலைக்கழகச் சான்றிதழ் இன்னும் வாங்காமல் இருந்தால் அதற்கு முன்னாலேயே அலைய வேண்டியிருக்கும், எனவே அதை முதலில் தொடங்குங்கள். போலீஸ் கிளியரன்ஸை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அது பழையதாகிவிட்டால் கான்சுலேட்டில் வாங்க மாட்டார்கள், மறுபடியும் பாஸ்போர்ட் ஆபீசுக்கு நடக்க வேண்டும்.