பால் கொடுக்கிற தாய்க்குத் தடிமன் மருந்து என்று 11,850 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை வரைக்கும் "இதுக்கெல்லாம் ஆக்கள் ஏமாறுவினமா" என்று கேட்ட ஆள் நான். 11,850 ரூபாய். இந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு அது சின்னக் காசில்லை.

மார்கழி மழை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். முதலில் இவருக்குத் தடிமன், பிறகு அம்மாவுக்கு, மூன்றாம் நாள் எனக்கு. காய்ச்சல் 102, இரண்டு மூக்கும் அடைப்பு, உடம்பு அடித்துப் போட்டது மாதிரி. மகனுக்கு ஒன்பது கிழமை, தாய்ப்பால் மட்டும்தான். அம்மா கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தார், குடித்தேன். பனடோல் போடப் பயம், பாலில் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று. இந்தப் பயம்தான் இப்படி மருந்து விற்கிற ஆக்களுடைய வியாபாரத்துக்கு முதலீடு.

இரவு போனை நோண்டிக்கொண்டிருந்தபோது தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் சாமான் விற்கிற ஒரு ஒன்லைன் கடையின் விளம்பரம் வந்தது. பெயரைப் போட்டால் வழக்கு அது இது என்று வரும் என்கிறார் இவர், அதனால் போடவில்லை. "பாலூட்டும் தாய்மாருக்கென்றே வெளிநாட்டுத் தயாரிப்பு" என்று பெரிய மஞ்சள் எழுத்து. பகல் குளிசை, இரவுக் குளிசை, நெஞ்சில் பூசுகிற தைலம், ஒரு மூலிகைத் தேயிலை, நான்கும் சேர்த்து 11,400. கூரியருக்கு 450.

விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடத்தான் இருந்தேன். சும்மா "பிள்ளைக்கு ஒன்றும் செய்யாதா?" என்று ஒரு மெசேஜ் போட்டேன். இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவொன்று வந்தது. "தங்கச்சி, நானும் பிள்ளை பெத்தவள்தானே, பொய் சொல்லுவனா? என்ர சின்னவனுக்கு ஆறு மாசம், நானே இதைத்தான் போட்டனான். பயப்பிடாமல் எடுங்கோ. காய்ச்சல் கூடினால் பனடோலும் சேர்த்துப் போடுங்கோ." பின்னால் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். அந்த அழுகைதான் என்னை விழுத்தியது. அது அவவின் பிள்ளையா, வேறு போனில் ஓடவிட்ட பிள்ளையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த நிமிடமே காசைப் போட்டு ஸ்லிப்பையும் அனுப்பினேன்.

மறுநாள் பின்னேரமே பொதி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள் வழமையாக மடித்து வைத்திருக்கும் தாள் இல்லை. பெட்டியின் பின்பக்கம் "பாலூட்டும் தாய்மாருக்கு உகந்தது" என்று தமிழில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். தமிழில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவள் நான்!

மூன்று நாள் எடுத்தேன். பகல் இரண்டிரண்டாக மூன்று தடவை, படுக்கும்போது இரவுக் குளிசை இரண்டு. இடையில் அவ சொன்னபடி பனடோலும். மூக்குத் திறந்தது. மகனும் இரவில் எழும்பாமல் நித்திரை கொண்டான். நல்ல மருந்து என்று அம்மாவிடம் சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இரண்டாம் நாள் பின்னேரம் மார்பு கனக்கவேயில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுச் சிணுங்குகிறான். ஆறேழு நப்பி நனைக்கிறவன் மூன்றாம் நாள் மூன்றுதான் நனைத்தான்.

மிட்வைஃப் மிஸ்ஸுக்கு அழைத்தேன். பெட்டியோடு டொக்டரிடம் போகச் சொன்னார். டொக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினார். அது உரிந்து வர வர அடியில் ஆங்கிலம். பாலூட்டுபவர் மருத்துவரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது, பரசிட்டமோல் உள்ள வேறு மருந்தோடு எடுக்கக்கூடாது. பனடோல் என்பதும் பரசிட்டமோல்தான். எந்த வரியை மறைக்க வேண்டுமோ சரியாக அந்த வரியின் மேல்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு குளிசையில் பரசிட்டமோல் 500 மில்லிகிராம், மூக்கடைப்பைத் திறக்கிற சூடோஎபெட்ரின் 30 மில்லிகிராம். இரவுக் குளிசையில் மேலதிகமாக நித்திரை தூக்கும் குளோர்பெனிரமைன். இரண்டு குளிசை போட்டால் சூடோஎபெட்ரின் 60 மில்லிகிராம். மேற்கு அவுஸ்திரேலியாவில் எட்டுத் தாய்மாரிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 60 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை எடுத்ததற்கே 24 மணித்தியாலத்தில் பால் சராசரியாக 24 வீதம் குறைந்திருந்ததாம். நான் ஒரு நாளில் நான்கு தடவை எடுத்திருக்கிறேன். காய்ச்சலும் தண்ணீர் குடிக்காததும்கூடப் பாலைக் குறைக்கும் என்றும் டொக்டர் சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இரவில் எழும்பாமல் நித்திரை கொண்டதற்கு இரவுக் குளிசை காரணமாக இருக்கலாம் என்றார். எட்டுக் குளிசையில் பரசிட்டமோல் 4 கிராம், பெரிய ஆளுக்கே ஒரு நாளின் உச்ச அளவு அதுதான். அதற்கு மேல் நான் பனடோலும் போட்டிருக்கிறேன். அளவு கூடினால் ஈரல் பழுதாகும் என்று இரத்தம் சோதித்தோம், நல்லவேளை பிழையில்லை.

இனி அவர்களின் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "உங்கட உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்லப் போல தங்கச்சி." ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது இறக்குமதி செய்யிற ஆக்கள் ஒட்டினது." காசு கேட்டேன். "பெட்டி உடைச்சா திருப்பி எடுக்கிறேல்ல." உடைக்காமல் எப்படி அம்மா குளிசை விழுங்குவது? அடுத்த நாள் "தங்கச்சி" போய் "மேடம்" வந்தது. முகாமையாளர் என்று ஓர் ஆண் குரல், அலுவலக நேரத்தில் எடுங்கள் என்றது. எடுத்தால் மணியடித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். 11,850 ரூபாய் அவ்வளவுதான். டொக்டர் காசு, இரத்தச் சோதனை, அந்தரத்துக்கு வாங்கிய பால்மா டின் எல்லாம் தனி.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்தேன், மகன் மடியில் கிடக்கிறான். டொக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ச்சலுக்கு வெறும் பரசிட்டமோல் அளவோடு போடலாம், பாலில் போவது மிகக் கொஞ்சம். இபுபுரோஃபெனும் பாலுக்குப் பிரச்சினையில்லை, ஆனால் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அது ஆபத்து, அதனால் கேட்காமல் போடாதீர்கள். அஸ்பிரின் வேண்டாம், கோடீன் உள்ள இருமல் பாணி வேண்டவே வேண்டாம். பல மருந்தை ஒரே குளிசையில் கலந்தது எதுவும் வேண்டாம். மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டும் ஆவியும். முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுங்கள், நிறுத்தாதீர்கள். எனக்கு அடிக்கடி பிள்ளையைப் போடச் சொன்னார். ஐந்தாம் நாள்தான் மார்பு மறுபடி கனத்தது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். இப்படி நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடுங்கள், நானும் முறையிட்டுவிட்டேன்.

இன்று காலை இவரின் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதே மஞ்சள் எழுத்து, விலை இப்போது 12,500. கீழே ஒரு பிள்ளை "எனக்கு இரண்டு மாதக் குழந்தை, எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "பயப்பிடாமல் எடுங்கோ தங்கச்சி" என்று பதில் போட்டிருக்கிறார்கள்.