மலையூர்ப் பள்ளியா, சேலம் விடுதியா?

அண்ணன் மகளுக்கு இரண்டு காதும் கேட்காது. நாங்கள் ஏற்காடு மலையில் இருக்கிற மலையாளி பழங்குடிக் குடும்பம். அவளுக்கு ஆறு வயது முடிந்ததால் ஊர்ப் பள்ளியா, சேலத்தில் விடுதியோடு இருக்கும் காது கேளாதோர் பள்ளியா என்று தினமும் இதே பேச்சுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, 18 வயது வரை இலவசம், தேர்வு உங்களுடையது என்கிறது.

ஊர்ப் பள்ளி என்றால் பாட்டி மடியும் காபிக் காடும் கைவிட்டுப் போகாது. பழம் பறிப்பதற்கு அவளே ஒரு சைகை வைத்திருக்கிறாள்: இரண்டு விரலால் கிள்ளி, இடுப்புப் பையில் போடுவது போல. வீட்டில் எல்லோருக்கும் அது புரியும். ஆனால் வகுப்பில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் உதட்டசைவும் போச்சு, அன்றைய பாடமும் போச்சு.

சேலத்தில் சைகை மொழி கிடைக்கும், தன்னைப் போன்ற பிள்ளைகளும் கிடைப்பார்கள். பயம் வேறு: 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, யாராவது மலைக்காரி என்று ஒதுக்கினால் அவள் யாரிடம் சொல்வாள்?

இருந்தும் நான் சேலம் பக்கம்தான். மொழியே இல்லாமல் ஒரு பிள்ளை வளரக் கூடாது. வாரம் தவறாமல் கூட்டி வர வேண்டும், நாங்களும் சைகை கற்க வேண்டும். அப்புறம், கோட்டாட்சியர் தரும் பழங்குடிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை இரண்டையும் இப்போதே வாங்கச் சொல்லி நேற்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.