மாம்பலம் ஸ்டேஷனில் பத்து ரூபாய் கடன்

மூன்று வருடம் கழித்து லண்டனிலிருந்து ஊருக்கு, சென்னைக்கு வந்தேன். கல்யாணம், கோயில் எல்லாம் நன்றாக முடிந்தது, அதை விடுங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கியதைத்தான் சொல்ல வேண்டும்.

பாரீஸ் கார்னரில் ஒரு வேலை. கால் டாக்ஸி புக் செய்தால் ஒருவர் இருபது நிமிடம் காக்க வைத்து கேன்சல் செய்தார், அடுத்தவர் "எங்க சார் போகணும்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். லண்டனில் நான் இந்த மாதிரி வண்டிக்காரர்களிடம் மன்றாடியதே இல்லை. எரிச்சலோடு மேற்கு மாம்பலம் பக்கமிருந்து நடந்தே ஸ்டேஷனுக்குப் போனால் கவுன்ட்டர் வரிசை படிக்கட்டு வரை நிற்கிறது. கையில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. எல்லோரும் செய்வதுபோல ஸ்கேன் செய்து பணம் கட்ட என் லண்டன் போனில் எதையும் போட்டு வைத்திருக்கவும் இல்லை.

டிக்கெட் மெஷின் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களை இப்படி நிற்க வைக்கிறார்கள், தங்கள் கார்டைப் போட்டு நமக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். பாரீஸ் கார்னருக்குப் பக்கத்து ஸ்டேஷன் கோட்டை. "கோட்டை, ரிட்டன்" என்றேன். திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, விரல் நாலு இடத்தில் பட்டது, டிக்கெட் வந்துவிட்டது. போக ஐந்து, வர ஐந்து. என் நோட்டைப் பார்த்தார். "வண்டி வருது, போங்க சார். அப்புறம் குடுங்க."

முன்பின் தெரியாத ஆளுக்குக் கடன்! லண்டன் பாதாள ரயிலில் டிக்கெட் கவுன்ட்டர்களை 2015-லேயே மூடிவிட்டார்கள். அங்கே மெஷின் உண்டு, கார்டைத் தட்டினால் கதவு திறக்கும், எல்லாம் வேகம்தான். ஆனால் கார்டு வேலை செய்யாத அன்றைக்கு "போங்க சார்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா இதே தடத்தில் சீசன் டிக்கெட்டில் ஆபீஸ் போனவர். அவரோடு போகும்போது எனக்கு அட்டை டிக்கெட் வாங்குவார், கவுன்ட்டரில் அதைத் தேதி மெஷினில் சொருகும் 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு ஓடியது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்து ரயில். 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தொடங்கிய அந்த மின்சார ரயில், 2004-ல் நின்றபோது நான் ஊரில் இல்லை. ஏரியைத் தூர்த்து தி.நகரை உருவாக்கிச் சில வருடமே ஆன காலத்தில் வந்த ரயில் அது. இப்போது ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை ஆகாய நடைபாதையே இருக்கிறது, 2023-ல் திறந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் அம்மாவை அதில் கூட்டிப் போனேன், அருமை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பெரியவர் இல்லை. மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் பத்து ரூபாயோடு மறுபடி போனேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "நேத்து அந்த வண்டியைப் புடிச்சீங்களா?"