மாதிரிப் படகில் ஃபெயில்சேஃப்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

சில வருடங்களாக ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் செட்டைத்தான் என் மின்மோட்டார் படகில் பயன்படுத்தி வருகிறேன். ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் தானாக எடுக்கும் நிலை, அந்த விஷயத்தில் மட்டும் மேனுவல் போதாது. அது விமானம் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, படகுக்கு அப்படியே ஒத்துவராது.

விமானத்தில் த்ராட்டில் ஸ்டிக் அடியில் இருந்தால் மோட்டார் நிற்கும். ரிசீவர் அப்போது அனுப்பும் துடிப்பின் நீளம் சுமார் 1000 மைக்ரோசெகண்ட். முன்னும் பின்னும் ஓடும் படகின் ஈஎஸ்சிக்கோ (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓய்வு நிலை நடுவில், சுமார் 1500-ல் இருக்கிறது. அதற்கு 1000 என்றால் முழு வேகத்தில் பின்னோக்கி ஓடு என்று பொருள். மேனுவல் சொன்னபடி ஸ்டிக்கை அடியில் வைத்து ஃபெயில்சேஃப்பைப் பதிந்தால், சிக்னல் போனதும் படகு சீறிக்கொண்டு பின்னால் போகும். ரிசீவர் பழுது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். படகை ஸ்டாண்டில் வைத்து, புரொப்பெல்லர் பக்கம் கை போகாமல், மோட்டாரை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், ரிசீவர் கடைசி நிலையைப் பிடித்து வைத்திருக்கிறது. படகுக்கு இதைவிட ஆபத்தான அமைப்பு கிடையாது. எதிர்ப்பக்கம் சுற்றினால் பதிந்த நிலை தவறு. ஓரிரு விநாடியில் நின்றுவிட்டால் சரி. நிற்காமல் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) பக்கம் சந்தேகப்படுங்கள். தண்ணீரால் குளிரும் மோட்டாரையோ ஈஎஸ்சியையோ தரையில் அதிக நேரம் ஓட்டக்கூடாது, அதனால் சோதனையைச் சட்டென்று முடித்துவிடுவது நல்லது.

பதியும்போது வரிசை முக்கியம். முதலில் ஈஎஸ்சிக்கு ஸ்டிக்கின் நடுவையும் இரு எல்லைகளையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்புறம் டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டிக்கை நடுவில் விட்டு ஃபெயில்சேஃப்பைப் பதிய வேண்டும். சில ரிசீவர்கள் பைண்ட் செய்யும் (டிரான்ஸ்மிட்டரோடு இணைக்கும்) நேரத்து ஸ்டிக் நிலையையே எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் தனி பட்டன், சிலவற்றில் டிரான்ஸ்மிட்டர் மெனு. எதுவானாலும், பிறகு டிரிம்மையோ எல்லைகளையோ தொட்டால் மறுபடி பதியுங்கள். பழைய எண் ரிசீவருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும், அது தானாக மாறாது.

அடுத்தது, ஃபெயில்சேஃப் மாதிரியே தெரிந்து ஆளைக் குழப்பும் ஒன்று. படகு பக்கத்திலேயே இருக்கும். வேகமாகத் திருப்பும்போது ஒரு கணம் செத்துப்போய், பிறகு உயிர் வரும். அமைப்புகளைத் தோண்டிப் பயனில்லை. மோட்டாரும் சுக்கானைத் திருப்பும் சர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் மறுதொடக்கம் ஆகிறது. தூரத்தில் வராமல் திருப்பத்தில் வந்தால் இதுதான் காரணம் என்று நினைத்துத் தேடலாம். நான் ரிசீவருக்குத் தனி பேட்டரி கொடுத்தேன், அதன் பிறகு தொல்லை இல்லை. அப்படிச் செய்தால் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரைக் கழற்றிவிட வேண்டும். பிரஷ் மோட்டார் என்றால் மின் இரைச்சலை அடக்க அதன் முனைகளில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்களும் அவசியம்.

தூரத்தில்தான் சிக்னல் போகிறது என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். நுனியில் உறையில்லாத சுமார் 31 மில்லிமீட்டர் பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். கார்பன் ஃபைபர் உடலுக்குள்ளோ பேட்டரியை ஒட்டியோ படுத்துக் கிடக்கக் கூடாது.

செட்டை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக ஃபெயில்சேஃப் வைக்க முடிகிற ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள். பாய்மரப் படகு ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்கே நிறுத்த மோட்டாரே கிடையாது. பாயைத் தளர்த்திவிடும் நிலையை வின்ச் (பாய்க் கயிற்றை இழுத்துத் தளர்த்தும் கருவி) சேனலில்தான் பதிந்து வைக்க வேண்டும்.